கொரியன் தெரியாத டீச்சர்

உன்-சோல் எங்கள் ஆங்கில டியூஷன் சென்டரில் சேர்ந்த அன்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே வார்த்தை. பிள்ளைகள் கொரிய மொழியில் திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, ஒன்றும் புரியாதவளாக ஒரு சிரிப்பு சிரித்து, 'குட் ஜாப்' என்று சொல்லிவிட வேண்டும். அவள் தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? அதற்கு முன்பு எங்கள் வொன்ஜு நகரத்தில் மூன்று இடங்களில் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அவள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. குறை முகத்தில். ஜெச்சன் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவள். எட்டு வயதில் பெற்றோர் அவளைக் கனடாவுக்குக் கூட்டிப் போய் அங்கே சலவைக் கடை வைத்தார்கள். அப்பா செத்து, அம்மா வேறு ஒருவரோடு போன பிறகு, முப்பத்தொரு வயதில் பிறந்த நாட்டிலேயே இருந்துவிடலாம் என்று வந்திருந்தாள். இங்கே தாய்மார்கள் டீச்சரின் படிப்பைப் பார்ப்பதற்கு முன் மூக்கைப் பார்ப்பார்கள். ஒரு சென்டரில் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்களாம், "உன்ன மாதிரி பொண்ணு கீழ மருந்துக் கடையிலயே நிக்கிறா. எங்களுக்கு வெள்ளைக்காரிதான் வேணும்" என்று.

எங்கள் டைரக்டர் பாங் மேடம் கெட்டிக்காரி. உன்-சோலை உட்கார வைத்து ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். இன்று முதல் உன் பெயர் ஜென்னா. கனடாவிலேயே பிறந்தவள். கொரியனில் ஒரு சொல் தெரியாது. தெரியும் என்று ஒரு தாய்க்குத் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். முன் மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கும் நான்தான் அதற்குக் காவல்.

காவல் என்றால் சும்மா இல்லை. தெருவெல்லாம் தாய்மார்கள்தானே! சந்தையில் அவள் முள்ளங்கியை விரலால் காட்டித்தான் வாங்க வேண்டும். அவள் வீட்டுக்காரம்மா எங்கள் மாணவன் ஒருவனின் சித்தி. ஜனவரியில் வீட்டுச் சூடேற்றி கெட்டுப்போனபோது, வாயைத் திறந்து சொல்ல முடியாமல், தன்னைத்தானே கட்டிக்கொண்டு நடுங்கி நடித்துக் காட்டியிருக்கிறாள். அந்தம்மா அது ஏதோ கனடா நடனம் என்று கைதட்டினாளாம். இதைக் கேட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

நல்ல நாட்களும் இருந்தன, இல்லை என்று சொல்லக் கூடாது. ஜென்னா வகுப்பில் இடம் கேட்டுத் தாய்மார்கள் என் மேசைக்குப் பழக்கூடை தூக்கி வந்தார்கள். ஆசிரியர் தினத்தன்று கடிதங்களை வைக்க அவள் மேசையில் இடம் பத்தவில்லை. அதே தாய்மார்கள் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, கேமரா திரையில் அவள் வகுப்பைப் பார்த்துக்கொண்டே, அவள் இடுப்பைப் பற்றியும் அவளுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதைப் பற்றியும் அலசுவார்கள். அவள் அவர்களைக் கடந்து போகும்போதும் குரலைத் தாழ்த்த மாட்டார்கள். பையன்கள் பல்லை இளித்துக்கொண்டு, "வாடி பன்னி மூஞ்சி" என்பார்கள். அவள் குட் ஜாப் என்பாள்.

அவள் கொரியன் பேசிய ஒரே இடம் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நானும் அவளும் கப் நூடுல்ஸ் சாப்பிடுவோம். அவளுடைய கொரியன் எட்டு வயதோடு நின்றுபோயிருந்தது, அதுவும் மலை நாட்டு இழுவையோடு. "அக்கா, பசிக்குதுக்கா. அந்தம்மா என்னிய எருமன்னு சொல்லிச்சு" என்பாள், முப்பத்துமூன்று வயதுப் பெண். சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். எனக்கு அவளைப் பிடிக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படி ஒரு நாள்தான் சோதாமைப் பற்றிச் சொன்னாள். சோதாம் பத்து வயதுப் பெண், ஒல்லி, யாரோடும் பேச மாட்டாள். அவள் அம்மா அழகு நிலையம் நடத்துகிறவள். கடையை மூடிவிட்டு வர ஆறரை ஆகும். அதுவரை சோதாம் வகுப்பறையிலேயே காத்திருப்பாள். ஜென்னாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில், மனதில் உள்ளதையெல்லாம் அவளிடம் கொட்டிவிடுவாளாம். இரண்டு வருடமாகத் தினமும்.

"எல்லாத்தையும் சொல்றாக்கா. கேக்கக் கேக்க நெஞ்சு அடைக்குது. நா என்ன பண்ணட்டும்?"

"கேட்டுக்கோ, மறந்துடு" என்றேன். பிள்ளை என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

எங்கள் சென்டரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை லெவல் டெஸ்ட் வைத்து, யார் எந்த வகுப்புக்கு ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்டுவோம். ஒட்டுவது நான்தான். அந்த டிசம்பரில் சோதாம் இரண்டு வகுப்பு இறங்கியிருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணி இருக்கும். சோபாவில் நான்கு தாய்மார்கள். ஜென்னா வகுப்பிலிருந்து ஓடி வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணை நிறுத்து என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சோதாம் பையை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அம்மா வந்திருப்பாள், கீழே போகிறாள் என்று நினைத்தேன். கட்டண ரசீது ஒன்றை எழுதிக்கொண்டிருந்ததால், 'வெயிட், வெயிட்' என்று கையைக் காட்டினேன். அவள் கண்ணைப் பார்த்திருந்தாலே போதும். நான் பார்க்கவில்லை.

லிஃப்ட் கதவு திறந்தது. வரவேற்பறை முழுக்கக் கேட்கும்படி மலை நாட்டு இழுவையில் ஒரு குரல் எழுந்தது.

"போவாதடி சோதாம்! முக்கோ பஸ்ல ஏறாத! பனி கொட்டுதுடி. ஒங்கப்பா அங்க இருக்காரோ இல்லியோ, யாரு கண்டா!"

நான்கு தாய்மார்களின் வாயும் திறந்தபடி நின்றது. ஜென்னா ஓடிப் போய் அந்தப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பாதி விளங்கியது; மீதி மறுநாள் உன்-சோல் சொல்லித் தெரிந்தது. வகுப்பு இறங்கினால் சோதாமின் அம்மா அவளை வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் வெறுங்காலோடு நிற்க வைப்பாளாம். பிரிந்துபோன அப்பா முக்கோ துறைமுகத்தில் கணவாய் மீன் பிடிக்கிற படகில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் போய்விடக் கிளம்பியிருக்கிறாள். பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம்.

சோதாம் அழவில்லை. ஜென்னாவின் பிடியிலிருந்து மெல்ல விலகி அவள் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்குப் புரியுமா?"

ஜென்னா தலையசைத்தாள்.

"நான் சொன்னது எல்லாமே புரிஞ்சுதா? படுக்கையில ஒண்ணுக்குப் போறதுகூடவா?"

அவ்வளவு பேர் நடுவில் அதைத் தானே சொல்லிவிட்டோம் என்பது பிள்ளைக்கு மறு நொடிதான் உறைத்தது. காது வரை சிவந்துபோனாள். அந்த நேரத்தில்தான் அவள் அம்மா லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். சோதாம் ஓடிப் போய் அவள் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

"அம்மா, இவங்க பொய் சொல்றாங்க. இவங்களுக்குக் கொரியன் தெரியும். ரெண்டு வருஷமா நாம பேசறத ஒட்டுக் கேட்டுட்டே இருந்திருக்காங்க."

பிள்ளை எங்கே போகக் கிளம்பினாள் என்று அந்த அம்மா கேட்கவே இல்லை. ஜென்னாவே சொன்னாள், முக்கோ, பஸ், அப்பா என்று, எட்டு வயதுக் கொரியனில் திக்கித் திணறி. "என் வீட்டு விஷயத்தப் பேச நீ யாருடி? வெளிநாட்டுக்காரின்னு சொல்லித்தான என் தலையில கட்டினாங்க?" என்று அந்தம்மா எகிறினாள். சோபாவிலிருந்த நால்வரும் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். அவள் காதுபடவே அவள் இடுப்பை அலசியது நினைவுக்கு வந்திருக்கும். அதனால் கோபம் இரட்டிப்பானது. உன்-சோல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரசீதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவள் மேசையைக் காலி செய்தாள். ஜென்னா டீச்சர் குடும்பக் காரணமாகக் கனடா திரும்புகிறார் என்று தாய்மார்களுக்குக் குறுஞ்செய்தி எழுதி அனுப்பியது நான். சோதாமின் அம்மா வாயை அடைக்க, சுவரில் இருந்த பட்டியலைக் கிழித்துவிட்டு, சோதாமை இரண்டு வகுப்பு மேலே ஏற்றிப் புதுப் பட்டியல் ஒட்டியதும் நான்தான். இறங்கிய வகுப்பிலேயே திணறியிருக்க வேண்டிய பிள்ளை. சந்தோஷமா அம்மா என்று வேறு கேட்டேன், வெட்கமில்லாமல்.

ஜனவரியில் ட்ராவிஸ் வந்தான். தங்க முடி, நீலக் கண், கொரியனில் நிஜமாகவே ஒரு சொல் தெரியாது. ஏமாந்துவிடக் கூடாது என்று தாய்மார்களே அவனிடம் வேகமாக நாலு கெட்ட வார்த்தை சொல்லிச் சோதித்துப் பார்த்தார்கள். அவன் வெள்ளையாகச் சிரித்தான். அவனுக்கும் நான் அதே இரண்டு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு மாதம் சோதாம் வகுப்பறையில் வாயே திறக்கவில்லை. பிப்ரவரி லெவல் டெஸ்டில் அவள் மறுபடி இறங்கியிருந்தாள். முடிவு ஒட்டிய அன்று, நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அவள் குரல் கேட்டது. மெதுவாக, நீளமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாடா, பிள்ளை பழையபடி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்கு மனசு லேசானது. ட்ராவிஸ், "குட் ஜாப்!" என்றான். கொஞ்ச நேரத்தில் அவள் என் மேசையைக் கடந்து, என்னைக் கும்பிட்டுவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனாள். புறங்கையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஆறரைக்கு அவள் அம்மா வந்தபோது பிள்ளை இல்லை. போலீஸ்காரர் ட்ராவிஸிடம் கேட்கச் சொல்லி என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். நிறையப் பேசினாள், புரியவில்லை, சமர்த்தாக இருந்தாள் என்று ஸ்டிக்கர் கொடுத்தேன் என்றான். அப்பாவிடம் போயிருப்பாளா என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, அந்த ஆளுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தோழி வீட்டில்தான் இருப்பாள் என்று அம்மா அடித்துச் சொன்னாள். முக்கோ என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தம்மாவை எதிர்த்துப் பேசிவிட்டு மறுநாள் இந்த மேசையில் உட்கார முடியுமா என்று யோசித்தேன். வாயைத் திறந்தது மறுநாள் காலையில்தான்.

முக்கோவில் மீன் ஏலம் போடும் கொட்டகைக்குப் பின்னால், பிளாஸ்டிக் கூடைகளுக்கு நடுவில் சோதாமைக் கண்டுபிடித்தார்கள். அப்பா அந்தத் துறைமுகத்தை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நனைந்த காலணியோடு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். உயிர் பிழைத்தாள். இடது காலில் மூன்று விரல்கள் கறுத்துப்போய் வெட்ட வேண்டியதாயிற்று.

யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. உன்-சோலுக்குத் தொலைபேசினேன். எங்கோ கோழி உரிக்கும் தொழிற்சாலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. ட்ராவிஸ், ஸ்டிக்கர், நான் வாய் திறக்காதது, மூன்று விரல் என எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. என்னைத் திட்டு, ஏதாவது சொல்லு என்றேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"குட் ஜாப்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.