நண்டுப் பெட்டிக்குள் கிடந்த சாதாளை

அனலைதீவில் ஞானசவுந்தரியின் கையில் எது அகப்பட்டாலும் வெயிலுக்குப் போய்விடும். மீன், ஒடியற் கிழங்கு, மிளகாய், தலையணை. காயாத பொருளை அவள் நம்பவே மாட்டாள். அப்படிப்பட்டவளின் வீட்டில், அதுவும் இருட்டறையில், கடலில் பிடுங்கிய ஈரச் சாதாளையைப் பரப்பி வைத்துவிட்டு மகள் கம்சிகா கடைக்குப் போனாளே, அவளைத்தான் சொல்ல வேண்டும்.

கம்சிகா பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். வெட்டிவைத்த வாழைக்காய் கறுத்துப்போகிறதல்லவா? அந்த மாதிரிக் கேட்டை உடம்புக்குள் தடுக்கக்கூடிய பொருளைக் கபில நிறச் சாதாளையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அவளது ஆய்வு. தென்னைக்கு அடியில் தாழ்க்கிற கடற்பாசிக்கு இவ்வளவு எடுப்பா என்று ஊரே சிரித்தது. அவளுக்கோ அதில் அப்படியொரு பைத்தியம். முதல்தடவை வெயிலில் காயவைத்துச் செய்தாள், சோதனையில் வரவேண்டிய மஞ்சள் வரவில்லை என்று வீடு முழுக்கப் புலம்பினாள். வெயில்தான் சத்தைத் தின்றிருக்கும் என்று நினைத்து இம்முறை நிழலில் போட்டாள். "இந்தமுறையும் வரேல்லையெண்டால் தலைப்பை மாத்துவம்," என்று விரிவுரையாளர் மயூரநாதன் முடிவாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானம் கடையால் வந்து பார்த்தால் அறை வெறுமை. சாதாளை முழுவதும் குசினிக் கூரைத் தகரத்தில் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.

"உள்ளுக்கை கிடந்து பூஞ்சணம் பிடிக்கப் பார்த்தது பிள்ளை. இப்ப பார், மொறுமொறுவெண்டு காஞ்சிட்டுது," என்றாள் ஞானசவுந்தரி பெருமையாக.

"அம்மா! என்ரை பட்டத்தையெல்லே கூரையிலை காயப்போட்டிருக்கிறியள்!"

அதோடு கம்சிகா தாயுடன் பேச்சை விட்டாள். புதிதாகப் பிடுங்கவும் வழியில்லை. சோளகக் காற்று எழும்பிக் கடல் குழம்பிக் கிடந்தது.

பின்னேரம் தகப்பன் பாலசிங்கம் ஊர்காவற்றுறைக்கு அனுப்ப நண்டுப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூடியைப் பிடிக்கப் போன கம்சிகா அப்படியே நின்றுவிட்டாள். ஐசுக்கும் நண்டுக்கும் நடுவில், பளபளவென்று, அதே கபிலச் சாதாளை.

"அப்பா, இது எப்ப எடுத்தது?"

"காத்துக்கு முன்னம் வலையிலை சிக்கினது. நண்டிலை ஐஸ் படக்கூடாதெண்டு இடையிலை வைக்கிறனான். ஏன் பிள்ளை?"

இருட்டு, குளிர், ஒரு பொட்டு வெயில் இல்லை! நண்டை ஐசில் அனுப்பும் ஊரில் பிறந்தும் சாதாளையைக் காயவைக்காமலே கொண்டுபோகலாம் என்று தோன்றவில்லையே! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நண்டுக்கு ஈரச் சாக்கை வையுங்கோ அப்பா. இது எனக்கு வேணும்!"

மறுநாள் காலைப் படகில், சாதாளையை ஐசோடு அடைத்த றெஜிபோம் பெட்டியை மடியில் வைத்து, ஆய்வுகூடம்வரை கட்டிப்பிடித்தபடி போனாள். அங்கே பையைத் திறந்தால் ஒரு பொட்டலம். அந்தக் காய்ந்த சாதாளை! அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வைத்திருக்கிறாள். குப்பைக்கூடைவரை போன கை ஏனோ திரும்பியது. இரண்டையும் தனித்தனியே அரைத்து மதுசாரத்தில் ஊறப்போட்டாள்.

அடுத்தநாள் வடித்த சாற்றை ஊதா நிறத் திரவத்தில் விட்டாள். சத்து இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாக வேண்டும். வெயிலில் காய்ந்தது ஊதாவாகவே நின்றது. பெட்டியில் வந்தது வெளுத்தது, இன்னும் வெளுத்தது, மஞ்சளாகியேவிட்டது!

அவள் போட்ட சத்தத்தில் மயூரநாதன் ஓடிவந்தார்.

"ஊதாவாய் நிக்கிறது எது?"

"அம்மா வெயிலிலை போட்டது, சேர்."

"ஒரே கடல், ஒரே சாதாளை. வெயில் செய்த வேலையைப் பாரும்! ரெண்டும் பக்கத்திலை நிண்டாத்தான் இது ஆய்வு. உம்மடை தலைப்பே இனி இதுதான். ஆனா ஒருக்காச் செய்தது காணாது. இப்பிடிக் காஞ்சது இன்னும் வேணும்."

கம்சிகா உடனே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மஞ்சள் வந்ததோ பிள்ளை?" முதல் மணியிலேயே எடுத்த தாய் கேட்டாள்.

"வந்திட்டுது அம்மா! கடல் அடங்க அப்பா சாதாளை கொண்டருவார். நீங்கள் அதைக் கூரையிலை போடோணும்."

"என்னைப் பகிடி பண்ணாதை."

"உண்மையா அம்மா. உங்களைப்போலை காயவைக்க ஒருத்தராலையும் ஏலாது."

ஞானசவுந்தரி உடனே புருஷன் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, கூரையிலை கிடக்கிற தலகணியளை எடுங்கோ! பிள்ளைக்கு இடம் வேணுமாம்!"