கம்ப்யூட்டர் படிக்கிற அக்கா

என் அப்பாவின் அண்ணனான பெரியத்தாவின் மகள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கல்லூரியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. கடைசி வருஷம் படிப்பவர்கள் ஒவ்வொருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தாங்கள் கற்றதை அந்த வருஷம் முழுக்க அதற்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருகிறவருக்கு மென்டார் என்று பெயர். அக்காவோடு படித்த பையன்களெல்லாம் அவரவர் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளை பிடித்தார்கள். அக்கா எங்கேயும் போகவில்லை. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கும் பெரியத்தா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து, கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என்னைத் தேர்ந்தெடுத்தாள். நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஏதோ ஒரு திறமையைக் கண்டுதான் அவள் என்னைப் பிடித்தாள் என்று ரொம்ப நாள் நம்பினேன். சேலம் ரோட்டில் பெரியத்தாவுக்குத் தெரிந்தவர் வைத்திருந்த ஒர்க்‌ஷாப்புக்கு சனி, ஞாயிறுகளில் அவள் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. பொம்பளைப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். நான் கூடப் போனால் அது தனியாகப் போவது ஆகாது. இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அப்போது நான், கல்லூரியே தேர்ந்தெடுத்த ஆள் என்ற நினைப்பில் அக்காவின் ஸ்கூட்டிக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்து போனேன்.

துணைக்கு வந்த பிள்ளைதானே, ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து கையில் பிஸ்கட்டைக் கொடுப்போம் என்று அவள் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. முதல் நாளே வளையலைக் கழற்றச் சொல்லி, துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிட்டு, ஒரு காரின் பானெட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். ஆயில் அளக்கிற குச்சியை எப்படி உருவுவது, துணியில் துடைத்துவிட்டு ஏன் திரும்பவும் விட்டு எடுக்க வேண்டும், கறுப்பு எண்ணெய்க்கும் கெட்ட எண்ணெய்க்கும் என்ன வித்தியாசம் என்று ஆரம்பித்தாள். சக்கரத்து நட்டைக் கழற்ற எனக்குப் பலம் போதாது என்று தெரிந்ததும், ஸ்பானர் கைப்பிடிமேல் ஏறி நின்று குதிக்கச் சொன்னாள். நட்டு இளகியபோது நான் கீழே விழுந்தேன். அவள் சிரிக்கவில்லை. “இன்னும் மூணு இருக்குது, ஏறு” என்றாள்.

தொடுவதற்கு முன்னால் காதால் கேட்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். இன்ஜினை ஓடவிட்டு என் கண்ணைப் பொத்துவாள். “இப்ப இன்னா சத்தம் வருது? எது வர்ல?” என்பாள். வருகிற சத்தத்தைச் சொல்லிவிடலாம், வராத சத்தத்தை எப்படிச் சொல்வது என்று நான் அழாத குறையாக நிற்பேன். மத்தியானம் இரண்டு பேரும் மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்து, சோப்புத் தூள் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். என்ன கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. என் அம்மா சோற்றுத் தட்டை வைக்கும்போது என் கையைத்தான் முதலில் பார்ப்பாள்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தது பெரியம்மாவின் தங்கை. நாங்கள் சின்னம்மா என்று கூப்பிடுவோம். மாப்பிள்ளை வீட்டார் சின்னசேலத்தில் மக்காச்சோளமும் மாட்டுத்தீவனமும் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். நல்ல குடும்பம், ஒரே பையன். அவர்களிடம் சின்னம்மா ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தாள்.

“கம்ப்யூட்டர் படிக்குதுன்னு சொல்லிட்டேன்” என்றாள். “பொண்ணு காருக்கு அடியில படுத்துக்கினு ஸ்பானர் புடிக்குதுன்னா எந்த வூட்ல ஒத்துக்குவாங்க? கண்ணாலம் ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிடும்.”

பெரியத்தா பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்தார். செருப்பு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்லாமல் பில் போட மாட்டார். அவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் எல்லாருக்கும் இருந்த ஒரே பயம் நான்தான். என்னை நடுவில் நிறுத்தி, “அக்கா இன்னா படிக்குது?” என்று சின்னம்மா கேட்பாள். “கம்ப்யூட்டர்” என்பேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு என்னைத் தயார் செய்தார்கள்.

அரையாண்டு விடுமுறையில் இரண்டு குடும்பமும் கல்வராயன் மலை அருவிக்குப் போவது என்று முடிவாயிற்று. பெண் பார்ப்பது என்று இல்லாமல் சும்மா பேசிப் பழகுவதற்காம். பெரியத்தா வாடகைக் கார் எடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சொந்தக் காரில் வந்தார்கள். கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா, “பொண்ணு எங்க கூட வரட்டும், பேசிக்கினே போவோம்” என்றார். அக்கா ஏறினால் நானும் ஏறுவேன். அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காரை மாப்பிள்ளையின் அத்தாவே ஓட்டினார். அவரை மாமா என்றும் மாப்பிள்ளையின் அம்மாவை மாமி என்றும் கூப்பிட்டோம். காரை வாங்கிய நாளிலிருந்து வேறு யார் கையிலும் கொடுத்ததில்லையாம். பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் மாமி, அக்கா, நான். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே சமையலைப் பற்றிக் கேட்டார். அக்கா தலையில் முக்காடு நழுவாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். நான்காவது வளைவோ ஐந்தாவது வளைவோ, அவளுடைய பதில்கள் இன்னும் குட்டையாகிவிட்டன. முன்சீட்டு இடுக்கு வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். சூடு காட்டுகிற முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“மலன்னா அப்படித்தான் காட்டும்” என்று மாமா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வளைவில் பானெட் ஓரத்திலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. வண்டியை ஒரு பலாமரத்தடியில் ஓரங்கட்டினார். பெரியத்தாவின் கார் எங்களுக்கு முன்னாலேயே மேலே போயிருந்தது. போன் செய்யலாம் என்றால் மாப்பிள்ளையின் செல்லில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கீழே சரிவில் சாமை அறுத்த வயல், அதற்கப்பால் வெறும் மலை.

மாமா இன்ஜினை நிறுத்தாமலே இறங்கிப் பானெட்டைத் திறந்தார். அக்கா என் காதில், “முன்னாடி போய் ஃபேன் சுத்துதான்னு பாத்துட்டு வா” என்றாள். நான் வேடிக்கை பார்க்கிற மாதிரி போய்ப் பார்த்தேன். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் அசையாமல் நின்றது. இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. வராத சத்தம் என்று அவள் சொன்னது அதுதான் என்று எனக்கு அந்த இடத்தில் புரிந்தது. ஓடி வந்து சொன்னேன். அதற்குள் மாமா இன்ஜினை அணைத்திருந்தார். சாமைத் தட்டைக் கட்டோடு கீழிருந்து ஏறி வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, “தண்ணி வேணுமாங்க? ஊத்து பக்கந்தான்” என்று பிளாஸ்டிக் குடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

தண்ணீரைப் பார்த்ததும் மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்தார். முகத்தை அதற்கு நேராகக் குனிந்துகொண்டு திருகப் போனார்.

கார்க் கதவு தடாரென்று திறந்தது.

“கை வைக்காதீங்க மாமா! மூஞ்சி வெந்துடும்!”

அக்கா அப்படிக் கத்தி நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஒர்க்‌ஷாப் சத்தத்தில்கூட அவள் குரல் அவ்வளவு போனதில்லை. மாமா திடுக்கிட்டுத் துண்டோடு பின்னால் நகர்ந்தார். ரேடியேட்டருக்குப் பக்கத்து டப்பாவில் தண்ணீர் கொதித்துப் பொங்கி, மூடி வழியாகச் சீறித் தெறித்தது. அவர் நின்றிருந்த இடத்தில் மண் நனைந்தது.

அக்காவின் முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் காருக்குள் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, உதடு அசையாமல், “சாவிய எடுத்துட்டு ஸ்டேரிங்குக்குக் கீழ ஃபியூஸ் டப்பாவத் தொற” என்றாள்.

நான் தலைகீழாகக் குனிந்து மூடியைக் கழற்றினேன். மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் செல்லில் டார்ச் அடித்துப் பிடித்தார். ஃபேன் படம் போட்ட ஃபியூஸைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் பிடுங்க வரவில்லை. வேர்வையில் விரல் வழுக்கிற்று. இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். இறங்கி வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். ரோட்டோரச் சரளையில் முழங்கால் போட்டு, ஒரே இழுப்பில் அதைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருந்த கம்பி கருகி அறுந்திருந்தது.

“ஏசிக்கும் இதே நம்பர்தான். அத எடுத்து இதுல போடறேன். ஏசி வராது, பரவால்லீங்களா?” என்று மாமாவிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். மாற்றிப் போட்டு, சாவியைத் திருப்பினாள். ஃபேன் விர்ரென்று சுற்றியது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நன்றாக ஆறும்வரை காத்திருந்து, அவளே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினாள். “ஊருக்குப் போனதும் ஃபேன் மோட்டாரக் காட்டிடுங்க மாமா. சும்மா ஃபியூஸ் போவாது.”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “கம்ப்யூட்டர் படிக்கிற பொண்ணுன்னு இல்ல சொன்னாங்க?” என்றார்.

என் நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. “ஆமாங்க மாமா. கம்ப்யூட்டர்தான் படிக்குது” என்று கணீரென்று சொன்னேன். ஃபியூஸ் டப்பாத் தூசியில் என் இரண்டு கையும் முழங்கைவரை கறுப்பாக இருந்தது.

மாமி சிரிக்க ஆரம்பித்தார். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு வழிகிற அளவுக்குச் சிரித்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

அருவியில் எல்லாரும் ஒன்று சேர்ந்து பிரியாணி சாப்பிட்டோம். வழியில் வண்டி கொஞ்சம் சூடாகிவிட்டது என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு அக்காவும் நானும் கை கழுவப் பாறைக்கு இறங்கினோம். மாமியும் பின்னாலேயே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தார். அக்காவின் உள்ளங்கையில் அந்தக் கருகிப்போன ஃபியூஸ் இன்னும் இருந்தது. அதை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். மாமி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கண்ணாலத்துக்கு அப்புறம் இத வுட்டுடுவியாம்மா?” என்று கேட்டார்.

அக்கா ஃபியூஸை உருட்டுவதை நிறுத்தினாள். தண்ணீர் இரைச்சலில் அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று நான் நினைத்தேன். பிறகு சொன்னாள். “இல்லீங்க மாமி. வுட மாட்டேன்.”

மாமி தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, அக்காவின் கன்னத்தில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. என்ன இருந்தாலும் அது அவர்களுடைய கார், அவர்களுடைய ஃபியூஸ். எதற்கும் உதவாத அந்தத் துண்டைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதானே, இப்படி முகத்துக்கு நேராக மாட்டேன் என்பதா என்று தோன்றிற்று.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னம்மா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

“வேணாம்னுட்டாங்க. மாப்பிள்ளயோட அத்தாவுக்குத்தான் மனசில்லன்னு நெனச்சேன். இல்லியாம், அந்தம்மாதான் சொல்லிச்சாம். பொண்ணு மேல ஒரு கொறையும் சொல்லல. ‘எங்க வூட்டுக்கு வந்தா அந்தப் பொண்ணு கை சும்மா கெடக்கும், பாவம்’னுச்சாம். இன்னா பேச்சு இது? மருமவ கை சும்மா இருந்தா யாருக்கு இன்னா பாவம்?”

பெரியம்மா அழுதாள். பழி என்மேல் வந்துவிடக் கூடாது என்று, “நான் கம்ப்யூட்டர்னுதான் சொன்னேன் பெரியம்மா” என்றேன். அவள் அழுகைக்கு நடுவில் என்னைப் பார்த்தாள். பெரியத்தா எழுந்து கடைச் சாவியை எடுத்தார். வாசல்வரை போய் நின்று, திரும்பாமலே அக்காவிடம், “ஒர்க்‌ஷாப்புக்கு நேரமாவலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்கா டிப்ளமோ முடித்து கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதும், அங்கேயே வேலை பார்த்த ஒருவரைப் பெரியத்தாவின் சம்மதத்தோடு கட்டிக்கொண்டதும், இன்றைக்குத் தனியாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு நாங்கள் வழக்கம்போல் ஸ்கூட்டியில் போனோம். சிக்னலில் நின்றபோது, அருவிக்குப் போன நாளிலிருந்து என் மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

“அக்கா, அந்த எரிஞ்ச ஃபியூஸ எனக்குத் தரியா?”

அவள் பர்ஸைத் திறந்து எடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இந்தா, வெச்சுக்கோ” என்று என் கையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுவிடக்கூடியதை அன்றைக்கு அந்த மாமியிடம் மட்டும் ஏன் விடமாட்டேன் என்றாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.