தறிக்குழி மேலே டைல்ஸ்

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து, ஆரணியில் பழைய நெசவு வீடொன்றை வாங்கிப் புதுப்பித்தேன். அதன் மதிப்பு கூடினால் அதைக் காட்டிப் பெரிய கடன் வாங்கி, இன்னொரு வீடும் வாங்கி, இரண்டையும் வாடகைக்கு விடுவது திட்டம்.

ஹாலில் நெசவாளர் கால் இறக்கி உட்காரும் தறிக்குழியை ரைஸ்மில் சாம்பலால் நிரப்பி டைல்ஸ் ஒட்டினோம். "சாம்பல் அமுங்கிடும்பா" என்று மேஸ்திரியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

இன்று பேங்க் மதிப்பீட்டாளர் வந்தார். நடு ஹாலில் கால் வைத்ததும் டைல்ஸ் உள்ளே இறங்கியது.

"இன்னா சார், கீழ கிணறா?"

"தறிக்குழிங்க. ஊரே வந்து பாத்து மெச்சிகினு போச்சு."

"ஓரமா நடந்திருப்பாங்க. இதுக்கு மதிப்பு போட முடியாதுங்க."

கிளம்பிவிட்டார்.

வாடகைக்கு வேண்டுவோர் சொல்லுங்கள். ஓரமாக நடக்கத் தெரிந்திருந்தால் போதும்.

மேலே சொன்னதில் ஒன்று மட்டும் நான் கட்டிவிட்ட கதை. சாம்பல் வேண்டாம் என்று அடித்துக்கொண்டது மேஸ்திரி. சும்மா கிடைக்குதே, கொட்டு என்றது நான்.