ஓட்டைவாய் என்றொரு வலைப்பூ

பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காரும் அவளுக்குப் பிறந்த வீட்டில் ஓட்டைவாய் என்று பெயர். சூட்டியவன் அண்ணன். பெயர் பொருத்தமானதுதான். பல்செட் மாட்டப் பயந்து நடுங்கிய ஒரு பெரியவரிடம், "இதுக்குப் போய் பயப்படலாமா? நம்ம டாக்டருக்கே மேல்வரிசை மொத்தமும் செட்டுதான். யாராவது கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டவள் அவள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த டாக்டரின் வாயையே எல்லோரும் பார்த்தார்கள். அன்று முழுவதும் டாக்டர் உதட்டைப் பிரிக்காமலே வைத்தியம் பார்த்தார். பெரியவர் சந்தோஷமாகச் செட் மாட்டிக்கொண்டதால் இவள் வேலை தப்பியது.

இப்படிப்பட்டவள் காதுக்கு வீட்டில் எந்த விஷயமும் வராது. அவள் உள்ளே நுழைந்தாலே பேச்சு வெயிலைப் பற்றியதாகிவிடும். அவளும் போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள், அப்பாவின் ஆபரேஷன் வரை.

அப்பா பழைய சிநேகிதரோடு ஊர் சுற்றப் போயிருக்கிறார் என்றான் அண்ணன். "ரொம்ப அலைய வேண்டாம்னு சொல்லு" என்று இவளும் புத்தி சொன்னாள். திரும்பி வந்த அப்பா பாதியாக இளைத்திருந்தார். பின்னால் நின்ற அண்ணன் வேண்டாமென்று கண்ணைக் காட்டக் காட்ட, அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் இருந்த தையலைக் காட்டினார்.

"நான் சுத்திப் பார்த்த இடம் இதாம்மா."

அவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "சாகப் பொழைக்கக் கிடந்திருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"உன்கிட்ட சொன்னா தண்டோரா போட்ட மாதிரி. சொந்தக்காரங்க எல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிப்பாங்க."

"நின்னா நிக்கட்டுமே! நானும் நின்னிருப்பேன்ல?"

அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனான்.

அந்த வாரமே அவள் வலைப்பூ தொடங்க உட்கார்ந்தாள். எப்படியும் பேசத்தான் போகிறோம், நாலு பேர் கேட்கப் பேசுவோம் என்று முடிவு. கணவர் கன்னத்தில் கைவைத்து யோசித்து, 'மௌனத்தின் சிறகுகள்' என்று வைக்கச் சொன்னார்.

"எனக்கும் மௌனத்துக்கும் என்னங்க சம்பந்தம்? அதுக்கு றெக்கை வேற!"

ஓட்டைவாய் என்று தட்டினாள். கணவர் முகம் சுளித்தார்.

"இந்தப் பேரைச் சொல்லித்தானே என்னை வெளியில நிறுத்தினாங்க? இனி இதை நானே வச்சுக்கறேன். யாரும் முதுகுக்குப் பின்னால சொல்லவேண்டாம்."

முதலில் எழுதியது ஆபரேஷன் கதையைத்தான். வலைப்பூவின் பெயரைப் பார்த்து, கடைவாய்ப்பல் ஓட்டைக்கு மருந்து கேட்டு மூன்று பேர் வந்து ஏமாந்தார்கள். நான்காவது பின்னூட்டமாக அப்பா எழுதியிருந்தார்: 'உள்ளே தள்ளிட்டுப் போறப்ப உன்னைத்தான் கேட்டேன். வந்துட்டிருக்கான்னு உன் அண்ணன் பொய் சொன்னான். சொல்லிட்டு அவனும் அழுதான்.'

கிளினிக் மேசையில் அதைப் படித்தவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. எதிரே நின்றவர் பதறிப்போனார். "ஏம்மா, என் பல்லு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

மத்தியானம் அண்ணன் போனில் கத்தினான். "அப்பா எழுதினதை அழிச்சுடு. நான் அழுததை ஊரே படிக்குது."

"அழிக்கமாட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வா, சண்டை போடணும்."

வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "வியாழக்கிழமை அப்பாவுக்கு செக்கப். நீயே கூட்டிட்டுப் போ" என்றான்.

சரி என்றாள். ஆனாலும் சண்டையைப் போட்டு முடித்த பிறகுதான் காபி கொடுத்தாள்.