நாற்பத்தாறு வண்டிகளின் தெரு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ‘ஒடிங்க அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக மாநகராட்சியின் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு, “வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும் கொஞ்சம் ஒடிங்க, போதும்” என்று வண்டிகளை ஓரங்கட்ட வைத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டு பக்கமும் நாலு மாடிக் கட்டடங்கள், கீழே மருந்துக்கடை, அச்சகம், பல் டாக்டர், தெரு வளையும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். எந்தக் கார் எத்தனை மணிக்குக் கிளம்பும், யார் ஹேண்ட் பிரேக் போட மறப்பார், யார் ஒற்றைக் காரை வைத்து இரண்டு இடத்தை அடைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனைக்கும் ஒருநாள்கூட அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

முப்பது கார்தான் நிற்கும் தெருவில் இனி இரண்டு பக்கமும் நிறுத்தலாம், ஐம்பத்திரண்டு கார் கொள்ளும் என்று ஒரு வரைபடத்தோடு வந்தார் மாநகராட்சி இன்ஜினியர். வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். அவள் வரைபடத்தை ஒரு காரின் பானெட்டில் விரித்து வெகுநேரம் பார்த்தாள்.

“பள்ளிக்கூட வளைவுல தீயணைப்பு வண்டி திரும்பாது சார்.”

“கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாச்சும்மா. திரும்புது.”

“கம்ப்யூட்டர்ல அந்த மின்கம்பம் இருக்கா? ரெண்டாம் மாடி பால்கனி வெளிய நீட்டிட்டு நிக்குதே, அது இருக்கா?”

இன்ஜினியர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளைச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை காலைல வண்டிய அனுப்பறேன். ஆனா ஐம்பத்திரண்டு காரும் ப்ளான்ல இருக்கற மாதிரியே நிக்கணும். முடியுமா?”

“நிக்கும் சார்,” என்றாள். வெளியே வந்ததும் யார் யாரிடம் கார் கேட்பது என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

காரைக் கொண்டுவரச் சொல்லி நாலு நாள் வீடு வீடாகப் படியேறி இறங்கியதில் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் ஞாயிறு ஏழு மணிக்கு ஐம்பத்திரண்டு காரும் வந்து நின்றன. ஒரு கீறலுக்காக இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அச்சகக்காரரும் பல் டாக்டரும் பம்பரோடு பம்பர் நிறுத்திவிட்டுத் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

தீயணைப்பு வண்டி உள்ளே வந்தது. வளைவில் பாதி திரும்பியதும் நின்றுவிட்டது. இடப்பக்கம் மின்கம்பம், மேலே பால்கனி, வலப்பக்கம் ஒரு புத்தம்புதுக் கார். ஓட்டுநருக்கு வியர்த்துவிட்டது.

“முன்னால போகாது. பின்னாலயும் ஒண்ணும் தெரியலம்மா.”

“என் கைய மட்டும் பாருங்கண்ணே. வேற எதையும் பாக்காதீங்க.”

இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கச் சொன்னாள். வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்திவிட்டு, ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வந்து நின்றாள். “ஒடிங்க... நேராக்குங்க... வரலாம்.” விரல் அசைந்த அளவுக்குத்தான் சக்கரம் அசைந்தது. அத்தனை பெரிய வண்டி எதிலும் உரசாமல் தெருமுனைவரை பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. மாடிகளிலிருந்து கைதட்டினார்கள். கூட்டத்தில் யாரோ, “யாருங்க இந்தம்மா?” என்று கேட்க, பஸ் ஓட்டும் அவள் புருஷன், “என் வீட்டுக்காரிங்க,” என்றார், கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி.

அதோடு அவள் விடவில்லை. வளைவில் நாலு, கம்பத்துக்கு எதிரே இரண்டு என்று ஆறு கார்களை மட்டும் எடுக்கச் சொன்னாள். “இப்ப வாங்கண்ணே.”

வண்டி இந்த முறை நிற்காமல் வளைவில் திரும்பி அந்தப் பக்கம் போயிற்று. காலையிலிருந்து ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் குனிந்து, சக்கரத் தடத்திலிருந்து டேப் பிடித்து அளந்தார். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி.

“எப்படிம்மா கணக்குப் போட்டீங்க?”

“கணக்கெல்லாம் இல்ல சார். குப்பை லாரி தினமும் வருது. அது எங்க திணறுதுன்னு பாத்துட்டேதான இருக்கேன். இது அதவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.”

அவர் இப்போது சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டை அடித்துவிட்டு நாற்பத்தாறு என்று எழுதினார். “கள ஆய்வு செய்தவர்” என்று கீழே ஒரு வரி சேர்த்து அவள் பெயரைக் கேட்டார். எழுத்துப்பிழை வந்துவிடக்கூடாதே என்று, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள்.

ஆறு இடம் போயிற்றே என்று மருந்துக்கடைக்காரர் மட்டும் குறைப்பட்டார். “இருந்தது முப்பதுண்ணே,” என்று அவள் சொன்னதும் அடங்கிவிட்டார்.

புதன்கிழமை வெள்ளைக் கோடு போட ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளே போகும்வரை பெயிண்டைத் தொட அவர்களை விடவில்லை. பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் கூடவே நடந்தாள். பெயிண்ட் காய்ந்த பின், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தனியாக ஒரு நடை போய்வந்தாள். கோடு எங்கேயும் கோணவில்லை.