ஐந்தாம் எண் வில்லை

தங்கச் சுரங்கப் பகுதியின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கும் தாராவிடம் என்ன வேலை என்று கேட்டால், "நுரையீரல் வளக்கறேங்க" என்பாள். கேட்டவர் ஏதோ கோழி வளர்ப்பதைப் போல நினைத்துத் தலையாட்டுவார். அவள் சொன்னது பொய்யில்லை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், நோயாளிகள் கொடுத்த செல்களிலிருந்து கடுகளவு நுரையீரல்களை வளர்த்து, புது மருந்துகளை முதலில் அவற்றில் சோதிக்கிறார்கள். அவற்றுக்குத் தீனியான சத்துத் திரவத்தை வேளை தவறாமல் மாற்றுவது பதினோரு வருடமாகத் தாராவின் வேலை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது அவளுக்கும் பொருந்தும். ஐந்தடிகூட இருக்க மாட்டாள்.

அவளுடைய அப்பா தம்மபாலன் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் பித்தளை டோக்கன் ஒன்றை எடுத்துப்போக வேண்டும், ஏறி வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தால் தேட ஆள் இறங்கும். அந்த வழக்கத்தை அப்படியே ஏசி அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள் தாரா. செல்களை உடல்சூட்டிலேயே வைத்திருக்கும் சூட்டுப்பெட்டிக்குள் எட்டுத் தட்டுகள். பக்கத்துச் சுவரில் எட்டு ஆணிகள், எண் போட்ட எட்டு பிளாஸ்டிக் வில்லைகள். தட்டை எடுப்பவர் வில்லையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போதெல்லாம், "ஆள் மேல வந்தாச்சு" என்று முணுமுணுப்பாள்.

"இது லேபா, மைன்ஸா?" என்று தலைமை ஆய்வாளர் ஷோபா சிரிப்பார். சிரித்தாலும் தாராவுக்குப் பயந்து வில்லையை எடுப்பார்.

போன மார்கழியில் ஒரு மாலை. தாரா பையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஐந்தாம் ஆணி காலி.

ஐந்தாம் தட்டு சாதாரணத் தட்டு இல்லை. ஆயுசெல்லாம் கல்தூசியைச் சுவாசித்த ஒருவர் கொடுத்த செல்களில் வளர்ந்த இருபத்துநான்கு நுரையீரல்கள் அதில் இருந்தன. அவர் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. அதற்கு முந்தின மாதம் இறந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். இந்தத் தட்டு போனால் மறுபடி செல் கேட்க ஆளில்லை.

"தாரா, எட்டுத் தட்டும் இருக்குதல்லா? டிரெயின் போயிடும், போ" என்றார் ஷோபா, கண்ணாடிக் கதவு வழியே எண்ணிக் காட்டி.

"தட்டு இருக்குது மேடம். டோக்கன் எங்க? அது வராம நான் போ மாட்டேன்."

"அய்யோ, ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கா?"

ரயில் நேரம் கடந்துவிட்டது. தாரா அசையவில்லை. "கோச்சுக்காதீங்க மேடம், கோட்டுப் பாக்கெட்ட கொஞ்சம் பாருங்க."

ஷோபா கைவிட்டார். வில்லை வந்தது. நான்கு மணிக்கு விருந்தாளிகளுக்குத் தட்டைக் காட்டியதாகவும், உடனே உள்ளே வைத்துவிட்டதாகவும் சொன்னார். தாரா ஐந்தாம் இடத்தில் இருந்த தட்டை எடுத்து விளக்கில் பிடித்தாள். இளஞ்சிவப்புத் திரவம் மட்டும்; கடுகு ஒன்றுகூட இல்லை. புதியவர்கள் பழகுவதற்கு வைத்திருந்த வெறுந்தட்டு அது.

யானைக்கும் அடி சறுக்கும். பேச்சு மும்முரத்தில் ஷோபா கைக்குக் கிடைத்த தட்டை உள்ளே வைத்திருந்தார். உண்மைத் தட்டு அடுத்த அறையில், நுண்ணோக்கியின் கறுப்பு உறைக்கடியில், இரண்டு மணி நேரமாகக் குளிரில் கிடந்தது.

தாரா புதுத் தீனி ஊற்றி, சூட்டில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். உயிர் இருந்தால் ஒவ்வொன்றின் உட்சுவரிலும் மெல்லிய ரோமங்கள் அசைய வேண்டும். மூன்றில் அசைவில்லை. இருபத்தொன்றில் காற்றடித்த நாற்றுப்போல ரோமங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஷோபா தட்டை உள்ளே வைத்து, வில்லையைத் தானே ஐந்தாம் ஆணியில் மாட்டினார்.

"நீ ஏதோ சொல்லுவியே தாரா, சொல்லு."

"நீங்களே சொல்லுங்க மேடம்."

"ஆள் மேல வந்தாச்சு" என்றார் ஷோபா.

பெயர் தெரியாத அந்த மனிதருக்காகத் தாரா அழுதுவிட்டாள்.