முடியும் என்று சொன்ன கை

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. சாட்சியாக நில்லுங்கள், போதும். மலேசியாவின் பெராக் மாநிலத்து ஈப்போவில் எதைக் கேட்டாலும் "போலே" என்கிறார்கள். முடியும் என்று பொருள். சீனியில்லாத தேநீரா, போலே. ஒரே நாளில் கூரை மாற்ற வேண்டுமா, போலே. தஞ்சாவூரிலிருந்து மணமுடித்து இங்கே குடியேறிய எனக்கு முதலில் அந்தச் சொல் இனித்தது. என் மனைவியின் அண்ணன் செல்வத்தின் வலக்கை கமுந்திங் தொழிற்சாலையொன்றின் இயந்திரத்தில் நசுங்கிய பிறகு கசந்தது.

இயலாமை உதவித்தொகைக்காக அவரைப் பரிசோதித்த மூன்று மருத்துவர்களும் அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தார்கள். சவரம் செய்து, என் மனைவி பொத்தானிட்டுவிட்ட சட்டையில் அவர் விறைப்பாக நின்றார். மேசையில் தண்ணீர் நிரம்பிய புட்டி. தூக்க முடியுமா என்றார் மூத்தவர். "போலே, டோக்டர்!" பல்லைக் கடித்துத் தூக்கியும் காட்டினார். நான் எழுந்தேன். மேடைகளில் கைத்தட்டல் வாங்கிய என் ஆங்கிலத்தில், அந்தக் கைக்கு வாரந்தோறும் பயிற்சி கொடுக்கும் ஃபிசியோவை அழைத்துக் கேளுங்கள் என்று தொடங்கினேன்.

"நீங்கள் வழக்கறிஞரா?"

"இல்லை, மைத்துனன். தஞ்சாவூர்க்காரன்."

"ஓ, இந்தியா! தாஜ்மகால் பார்த்திருக்கிறேன்." அன்போடு சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

காரை நெருங்குவதற்குள் செல்வத்தின் கை நடுங்கிச் சாவி கீழே விழுந்தது.

"ஏன் மச்சான் தூக்குனீங்க?"

"ரப்பர் தோட்டத்துல பெரட்டு வரிசையில நின்னு வளந்தவன் மாப்ள. விடியக்காலையில பேர் கூப்புடுறப்ப முடியலன்னா அன்னிக்கு வேலை இல்ல லா. வாய் தானா போலேங்குது. நீ என்னா, ஊர்ல பட்டிமன்றம் பேசுனவன், ஏர்கோன்ல உறைஞ்சுட்டியா?"

தஞ்சாவூரில் இயலாமைச் சான்று வழங்கும் இத்தகைய மருத்துவ முகாம்களில் ஒலிபெருக்கி பிடித்தவன் நான். அங்கே மருத்துவர் ஒன்று கேட்டால் பின்னாலிருந்து நாலு குரல் எழும்: "இவனால சட்டைப் பொத்தான்கூட போட முடியாது டாக்டர்!" அந்தக் கூச்சலில் பொய்யும் இருந்தது, கூடவே வாழ்ந்தவர்கள் கண்டதும் இருந்தது. அறியாதவரே நடுநிலையாளர் என்பார்கள். ஒப்புகிறேன், அந்த மருத்துவர்களுக்குப் பாசமுமில்லை, பகையுமில்லை. ஆனால் அந்தக் குளிர்ந்த அறையில் அளக்கப்பட்டது செல்வத்தின் பணிவு. கை வெளியேதான் நடுங்கியது. அதைக் கண்டவர் எவரையும் அவர்கள் கேட்கவில்லை.

உதவித்தொகை இல்லை, பழைய இயந்திரத்துக்கே திரும்பலாம் என்று சில நாளில் வீட்டுக்கு முடிவு வந்தது. செல்வம் இடக்கையால் காலணியை மாட்டிக்கொண்டு, "சரி, ஷிப்டுக்குப் போலாம் லா" என்றார். நான் வாசலை மறித்தேன். தஞ்சாவூர்த் தொண்டையில் பெராக் பேச்சு கலந்து வர, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்:

"போக வேணாம் மச்சான். அப்பீலுக்கு நானும் வாரேன். உங்க கையப் புடிச்சுப் பாக்குற ஃபிசியோ அக்காவ அங்க உக்கார வெச்சுப் பேச வைக்கிறேன். நான் வாயத் தொறக்க மாட்டேன் லா."